கடை திறந்திருக்கட்டும், பிள்ளை வீட்டுக்கு வரட்டும்

(கண்டி மாவட்டத் தோட்டக் கமிட்டிகளின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று ஞாயிற்றுக்கிழமை. பத்து மணிக்குக் கூட்டம் என்று அறிவித்தோம். இப்போது பத்தே முக்கால். மண்டபத்தில் பாதிக் கதிரை காலியாக இருக்கிறது. வராதவர்களைக் குறை சொல்ல நான் எழுந்து நிற்கவில்லை. அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். கொஞ்சப் பேர் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்க மலைக்குப் போயிருக்கிறார்கள். கொஞ்சப் பேர் பிள்ளைகளை டியூஷனுக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். நம் இளைஞர் அணியில் பெயர் பதிந்த பிள்ளைகளில் அரைவாசிக்கு மேல் இந்த நேரத்தில் கண்டி டவுனில் ஏதோ ஒரு கடையில் நின்றுகொண்டிருக்கிறார்கள். நின்றுகொண்டு என்று நான் சொன்னது பேச்சுக்காக இல்லை. அதைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

போன கூட்டத்தில் ஒரு தீர்மானம் முன்மொழியப்பட்டது. கண்டி நகரத்தின் கடைகள் எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமைகளில் மூட வேண்டும், அதற்கு நம் சங்கம் தொழில் திணைக்களத்துக்கும் மாநகர சபைக்கும் மகஜர் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். கொண்டுவந்த அண்ணன் முன் வரிசையில் இருக்கிறார். அவருடைய மகள் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறாள். அவருடைய வயிற்றெரிச்சல் நியாயமானது. ஆனால் அந்தத் தீர்மானத்தை அப்படியே நிறைவேற்றக் கூடாது என்பது என் கருத்து. ஏன் என்று சொல்லத்தான் தலைவரிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்கினேன்.

முதலில் பிள்ளைகளின் நிலைமை. நான் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறவன். சாதாரண தரம் எழுதி முடித்த கிழமையே பிள்ளைகள் கண்டிக்குப் போய்விடுகிறார்கள். பெறுபேறு வருவதற்குள் ஒரு கடையில் சேர்ந்தாகிவிடும். புடவைக் கடை, பாத்திரக் கடை, செருப்புக் கடை, போன் கடை, சாப்பாட்டுக் கடை. பெறுபேறு நன்றாக வந்தாலும் சில பேர் திரும்பி வருவதில்லை. கையில் காசு பார்த்த பிறகு உயர்தரம் படிக்க வா என்று கூப்பிட்டால் வீட்டிலேயே விட மனம் வருவதில்லை.

என்னிடம் படித்த ஒரு பிள்ளை. பெயர் வேண்டாம், கடையின் பெயரும் வேண்டாம். கணிதத்தில் கெட்டிக்காரி. மூன்று வருடமாகக் கண்டியில் வேலை செய்கிறாள். காலை எட்டரைக்குக் கடைக்குள் நிற்க வேண்டும், இரவு ஏழுக்கு மேல்தான் வெளியே வரலாம். மாதத்தில் இரண்டு நாள் லீவு. மூன்றாவது நாள் எடுத்தால் சம்பளத்தில் வெட்டு. அந்த இரண்டு நாளும் ஞாயிறாக இருக்கவே கூடாது, ஏனென்றால் ஞாயிறுதான் வியாபாரம். அவளுடைய அண்ணன் கொழும்பில் வேலை செய்கிறான். அவனுக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு. அம்மா மலைக்குப் போகிறவள். அவளுக்கும் ஞாயிறுதான். நாலு பேர் உள்ள குடும்பம் தைப்பொங்கலுக்கு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டது. அடுத்து ஒன்றாக உட்கார்ந்தது சித்திரை வருடப்பிறப்புக்கு. இடையில் மூன்று மாதம். கண்டிக்கும் தோட்டத்துக்கும் இடையில் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்தான்.

இதைக் கேட்டால் கடையை மூடு என்றுதான் யாருக்கும் வாயில் வரும். ஆனால் அந்தப் பிள்ளைக்கு நடப்பது ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதால் வந்த கஷ்டமா, அல்லது சட்டம் ஏற்கனவே கொடுத்த லீவை முதலாளி கொடுக்காததால் வந்த கஷ்டமா? இதைப் பிரித்துப் பார்க்காமல் மகஜர் எழுதினால் தப்பான கதவைத் தட்டிக்கொண்டிருப்போம்.

1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம். கடை, அலுவலக ஊழியர் சட்டம் என்று பெயர். எழுபது வருடத்துக்கு மேலாக இருக்கிற சட்டம். அதில் ஒரு நாளைக்குச் சாதாரண வேலை எட்டு மணித்தியாலம். கிழமைக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேல் வேலை வாங்கினால் ஓவர்டைம், அதுவும் கிழமைக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு கிழமையும் ஒரு முழு நாளும் ஒரு அரை நாளும் லீவு. கவனமாகக் கேளுங்கள், மாதத்துக்கு இல்லை, கிழமைக்கு ஒன்றரை நாள். அந்தக் கிழமையில் ஓவர்டைம் சேர்க்காமல் 28 மணித்தியாலம் வேலை செய்திருந்தால் அந்த ஒன்றரை நாளுக்கும் சம்பளத்தோடுதான் லீவு. போயா தினத்தில் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்குச் சம்பளம். சேரும்போது வேலை நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்குப் பிள்ளையின் சம்பளத்தில் நூற்றுக்கு 8, முதலாளியின் கையிலிருந்து 12. அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு முதலாளி 3.

இப்போது அந்தப் பிள்ளையின் கணக்கை நாமே போடுவோம். நாலு கிழமைக்கு ஆறு நாள் லீவு கிடைக்க வேண்டும். கிடைப்பது இரண்டு. மாதம் நாலு நாள் அவளிடமிருந்து எடுக்கப்படுகிறது. வருடத்துக்கு ஐம்பது நாள் வருகிறது. மூன்று வருடத்தில் 150 நாள். இது ஒரு கடையில் ஒரு பிள்ளையின் கணக்கு. நம் சங்கத்தில் கையைத் தூக்கச் சொன்னால் எத்தனை வீட்டில் இப்படிப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று தெரியும்.

சட்டத்தைப் படிக்கும்போது இன்னொன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு கிழமையும் லீவு கொடு என்று அது சொல்கிறதே தவிர, அது ஞாயிறாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. நம்மில் நிறையப் பேர் ஞாயிறு கடை திறப்பதே சட்டவிரோதம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியில்லை. அந்த நினைப்போடு தொழில் திணைக்களத்துக்குப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கிழமை லீவு கொடுக்கவில்லை என்று எழுத்தில் கொண்டு போனால் அவர்கள் கோவை திறந்தே ஆக வேண்டும்.

அடுத்தது, அண்ணன் கோபப்பட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடைக்குள் வந்து துணி எடுக்கிறவர் யார்? கொழும்பிலிருந்து வருகிறவர்களும் மாளிகைக்கு வருகிற யாத்திரிகரும் இருக்கிறார்கள், உண்மை. ஆனால் பத்தாம் திகதி சம்பளம் வந்து அடுத்து வருகிற ஞாயிற்றுக்கிழமை கண்டி டவுன் பஸ் தரிப்பிடங்களில் போய் நின்று பாருங்கள். கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட, புசல்லாவை, ரங்கலை, மடுல்கலை என்று வந்து இறங்குகிற பஸ்களில் இருக்கிறவர்கள் நம் அம்மாமார்தான். சீருடைத் துணி, சப்பாத்து, கண்ணாடி, பல் வைத்தியம், நகை அடகு மீட்பது, எல்லாம் அந்த ஒரு நாளில்தான். கிழமை நாளில் டவுனுக்குப் போனால் ஒரு பேர் போய்விடும். 2024 செப்டெம்பரில் நாட் சம்பளம் 1350 ரூபா ஆனது. துணி எடுக்க ஒரு நாள் போனால் பஸ் காசோடு அன்றைய நாட் சம்பளத்தையும் துணியின் விலையில் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஞாயிறு கண்டிக் கடைகள் மூடினால் அந்த அம்மா என்ன செய்வாள்? தோட்டத்துக்குப் பக்கத்துக் கடையில் கடன் கொப்பியில் எழுதி, இரண்டு மடங்கு விலைக்கு வாங்குவாள். ஆகவே நம் தீர்மானம் மகளைக் காப்பாற்றப் போய் அம்மாவின் மடியில் கைவைக்கிறது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பதும் நம் வீடு, இந்தப் பக்கம் நிற்பதும் நம் வீடு. கடைத்தெருச் சங்கங்களுக்கு இல்லாத சிக்கல் இது. நமக்கு இருக்கிறது.

நாளை மாற்றிப் பார்ப்போமே என்று சிலர் சொல்வார்கள். இந்த நாடு ஒரு முறை அதையும் செய்து பார்த்தது. இளையவர்களுக்குத் தெரியாது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

டட்லி சேனாநாயக்க பிரதமராக இருந்த காலம். 1965 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க விடுமுறைச் சட்டம் வந்தது. 1966 ஜனவரியிலிருந்து இந்த நாட்டில் ஞாயிறு ஒரு சாதாரண வேலை நாள் ஆகிவிட்டது. அதற்குப் பதிலாகப் போயா நாட்கள் லீவு. பௌர்ணமி மட்டும் இல்லை. அமாவாசை, வளர்பிறை அட்டமி, தேய்பிறை அட்டமி என்று மாதத்தில் நாலு போயா. போயாவுக்கு முந்திய நாள் அரை நாள் லீவு. பாடசாலை, வங்கி, கந்தோர் எல்லாம் நிலாவைப் பார்த்துத் திறந்து நிலாவைப் பார்த்து மூடின. பௌத்தர்களுக்கு அது ஒரு பழைய குறை தீர்ந்த விஷயம். வெள்ளைக்காரன் காலத்தில் ஞாயிறு அவனுடைய கோயில் நாளாக வந்து உட்கார்ந்தது. வெசாக் பௌர்ணமிக்கு லீவு வாங்கவே 1885 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே போயா லீவு கேட்டவர்களின் மனதை நாம் இளக்காரமாகப் பேசக் கூடாது.

ஆனால் நிலா ஏழு நாளுக்குக் கட்டுப்படாது. ஒரு போயாவுக்கும் அடுத்த போயாவுக்கும் இடையில் சராசரி ஏழே கால் நாளுக்கும் கொஞ்சம் கூட. அதனால் கிழமை சில நேரம் ஏழு நாளாக இருக்கும், சில நேரம் எட்டு நாளாக நீளும். லீவு ஒரு கிழமை செவ்வாயில் வரும், பிறகு புதனுக்கு நகரும். என் அப்பாயி சொல்வார், அந்தக் காலத்தில் கலண்டர் இல்லாத லயத்தில் நாளைக்கு வேலையா லீவா என்று கேட்டுக்கொண்டு ராத்திரியில் வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பார்களாம். மப்பாக இருந்தால் கணக்கப்பிள்ளை வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டும். சிரிக்கிறீர்கள். ஆனால் தேவாலயத்துக்குப் போகிற நம் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஞாயிறு பூசையை வேலைக்கு முன்போ பின்போ வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. வெளிநாட்டு வியாபாரமும் வங்கியும் ஞாயிறு லீவு எடுக்கிற உலகத்தோடு ஒத்துப் போகவில்லை. கடைசியில் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் 1971 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கச் சட்டத்தால் ஞாயிறைத் திரும்பக் கொண்டுவந்தது. பௌர்ணமிப் போயா மட்டும் பொது விடுமுறையாக நிலைத்தது. இன்றைக்கும் இருப்பது அந்த ஏற்பாடுதான்.

அந்த ஐந்தரை வருடத்திலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்று. எந்த நாள் லீவு என்பதை அரசாங்கம் வர்த்தமானியில் மாற்றிவிட முடியும். 2018 இல் வெசாக் வாரம் என்று மே தினத்தையே மே 7 க்குத் தள்ளினார்கள், நாம் எல்லோரும் பார்த்தோம். 2022 ஜூனில் சாப்பாட்டுத் தட்டுப்பாடு வந்தபோது வீட்டுத் தோட்டம் செய்யுங்கள் என்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தார்கள். அந்த வெள்ளிக்கிழமைகளில் கொழுந்து எடுத்தவர்களுக்கு யாரும் லீவு கொடுக்கவில்லை. 2020 மார்ச்சில் நாடு முழுக்க ஊரடங்கு. கண்டியில் கடைகள் மூடிக் கிடந்தன. தோட்ட வேலைக்கு அனுமதி கொடுத்தார்கள். கடை மூடினால் எல்லோருக்கும் ஓய்வு வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் அந்த மாதங்களை நினைத்துப் பார்க்க வேண்டும்.

வெளி உலகத்தில் இதே சண்டை எப்படி நடந்தது என்று கொஞ்சம் பார்ப்போம். நம் பக்கத்திலேயே தொடங்கலாம். பம்பாய் பஞ்சாலைத் தொழிலாளருக்குக் கிழமை லீவு என்று ஒன்று நிச்சயமாக இல்லாத காலத்தில் நாராயண் மேகாஜி லோகண்டே 1884 இல் மில் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார். ஆயிரக்கணக்கான கையெழுத்து, கூட்டம், மனு. 1890 ஜூன் 10 ஆம் திகதி ஞாயிறு லீவு கிடைத்தது. ஆறு வருடம். அவர் ஞாயிறைக் கேட்டது சாமிக்காக மட்டும் இல்லை, மில் முழுக்க ஒரே நாளில் நின்றால்தான் தொழிலாளி கூட்டம் கூட முடியும்.

ஜெர்மனியில் ஞாயிறு ஓய்வு அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 1919 இல் எழுதிய வரியை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். அங்கே போயிருக்கிற நம் சொந்தக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், ஞாயிறு பால் தீர்ந்து போனால் பெற்றோல் நிலையத்துக்கோ ரயில் ஸ்டேஷன் கடைக்கோதான் போக வேண்டும் என்பார்கள். ஆனால் அங்கேயும் ஞாயிறு நூதனசாலைகள் திறந்திருக்கும். சனம் பார்க்க வருகிற நாள் அதுதானே. பல நூதனசாலைகள் திங்கட்கிழமை மூடிவிடும். அதில் ஒரு யோசனை இருக்கிறது. ஞாயிறு வேலை செய்கிறவனுக்கு வேறொரு நாள் கதவைச் சாத்திக் கொடுக்கிறார்கள்.

இங்கிலாந்தில் 1986 இல் தட்சர் அம்மா ஞாயிறு கடைகளுக்கு இருந்த கட்டுப்பாட்டை முழுக்க எடுக்க ஒரு சட்டமூலம் கொண்டுவந்தார். பாராளுமன்றத்தில் அவருக்குப் பெரிய பெரும்பான்மை. ஆனாலும் 14 வாக்கால் தோற்றுப் போனார். கடைத் தொழிலாளர் சங்கமும் தேவாலயங்களும் ஒன்றாக நின்றன. சிவப்புக் கொடிக்காரரும் பாதிரிமாரும் ஒரே மேடையில். ஆனால் அது எட்டு வருடம்தான் தாங்கியது. 1994 இல் புதிய சட்டம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரிய கடைகள் ஞாயிறு காலை பத்துக்கும் மாலை ஆறுக்கும் இடையில் ஆறு மணித்தியாலம் மட்டும் திறக்கலாம். சின்னக் கடைகளுக்குத் தடை இல்லை. சங்கம் அதில் இன்னொன்றையும் வாங்கியது: ஞாயிறு வேலைக்கு வர மாட்டேன் என்று கடைத் தொழிலாளி எழுதிக் கொடுக்கலாம், அதற்காக வேலையை விட்டு நிறுத்த முடியாது. முழுக் கதவை மூட முடியாத இடத்தில் தொழிலாளி வெளியே வர ஒரு சின்னக் கதவு வைத்தார்கள். எனக்குப் பிடித்தது இதுதான்.

போலந்தில் 2018 இல் சொலிடாரிட்டி தொழிற்சங்கம் முன்னின்று ஞாயிறு வியாபாரத் தடையைக் கொண்டுவந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வருடத்தில் ஒரு சில ஞாயிறு தவிர மற்ற நாள் மூட வேண்டும் என்று ஆனது. முதலாளிமார் என்ன செய்தார்கள் தெரியுமா? தபால் சேவை செய்கிற இடத்துக்கு விலக்கு இருந்தது. உடனே ஊர் முழுக்க மளிகைக் கடைகள் தபால் கந்தோர் ஆகிவிட்டன. ஒரு பொதி வாங்கி வைப்பார்கள், பக்கத்தில் பாணும் பியரும் விற்பார்கள். 2022 இல்தான் அந்த ஓட்டையை அடைத்தார்கள். அங்கே பலமான சங்கம் இருந்து இப்படி. கண்டியில் ஞாயிறு மூடு என்று ஒரு வர்த்தமானி வந்தால் நம் முதலாளிமார் எத்தனை தபால் கந்தோர் திறப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

தமிழ்நாட்டையும் சொல்ல வேண்டும். அங்கே பெரிய புடவைக் கடைகளில் பெண் பிள்ளைகள் நாள் முழுக்க நின்றே வேலை செய்வதைப் பற்றி வசந்தபாலனின் அங்காடித் தெரு படம் 2010 இல் வந்தது, உங்களில் பல பேர் பார்த்து அழுதிருப்பீர்கள். 2021 இல் தமிழ்நாடு சட்டசபை கடை ஊழியர் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டம் திருத்தியது. கேரளா அதற்கு முன்பே செய்துவிட்டது. ஒரு ஸ்டூலுக்குச் சட்டம் வேண்டியிருக்கிறது. என்னிடம் படித்த அந்தப் பிள்ளைக்கு இருபது வயதில் காலில் நரம்பு சுருண்டு நிற்கிறது. ஆஸ்பத்திரியில் காட்ட லீவு கேட்டதற்குத்தான் இந்த மாதம் அவளுக்கு ஒரு நாள் வெட்டு.

சரி, முதலாளிமாரை மட்டும் பேசிவிட்டு இறங்கினால் நான் நேர்மையானவன் இல்லை. நம் ஞாயிறை நாமே என்ன செய்து வைத்திருக்கிறோம்?

தோட்டத்தில் ஞாயிறு பெயர் கொடுத்து வேலை செய்தால் ஒன்றரைப் பேர். நாட் சம்பளம் 1350 ரூபாவாக இருந்தபோது அது 2025 ரூபா. இது நம் மூத்தவர்கள் வாங்கித் தந்த உரிமை. ஆனால் எத்தனை தோட்டத்தில் ஞாயிறு பெயர் போட்டு வேலை நடக்கிறது? கொழுந்து நிறைந்து நிற்கும், ஏழெட்டு நாளில் எடுக்காவிட்டால் முற்றிவிடும், அதனால் ஞாயிறு கைக்காசுக்கு வாருங்கள் என்கிறார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று காசு. செக்ரோலில் பெயர் இல்லை, ஒன்றரை இல்லை. நாமும் போகிறோம். கையில் காசு கிடைக்கிறது, கடைப் பாக்கி இருக்கிறது, போகாதே என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் ஒன்றரைப் பேர் என்ற வார்த்தையை அடுத்த தலைமுறை மறந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. போன மாதம் ஒன்பதாம் வகுப்பில் கேட்டேன், ஞாயிறு வேலைக்கு எவ்வளவு சம்பளம் என்று. ஒரு பிள்ளையும் ஒன்றரை என்று சொல்லவில்லை. கிலோ விலையைச் சொன்னார்கள்.

என் பங்கும் இருக்கிறது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் என்று ஞாயிறு காலையில் வகுப்பு வைக்கிறவன் நான். காசு வாங்குவதில்லை, ஆனால் பத்து வயதுப் பிள்ளையின் ஞாயிறை எடுக்கிறேன். அறநெறிப் பாடசாலை ஆசிரியை என்னிடம் வந்து, சேர், உங்கள் வகுப்பால் என் வகுப்பில் நாலு பிள்ளைதான் வருகிறது என்றார். பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சனிக்கிழமைக்கு மாற்றியிருக்கிறேன்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. ஞாயிறு ஆணுக்கு ஓய்வு நாள். பெண்ணுக்கு அது துணி துவைக்கிற நாள், விறகு நாள், லயத்து வாசல் மெழுகுகிற நாள். போயாவுக்குச் சாராயக் கடை மூடுகிறார்கள், ஞாயிறு மூடுவதில்லை. இதற்கு மேல் நான் விரிக்கவில்லை, அக்காமார் சிரிக்கிற சிரிப்பே போதும்.

இன்னும் ஒரு கூட்டம் இருக்கிறது. கண்டியிலும் கொழும்பிலும் வீட்டு வேலைக்குப் போன நம் பெண்கள். கடைச் சட்டம் அவர்களைத் தொடுவதில்லை. அவர்களுக்குக் கிழமையும் இல்லை, ஞாயிறும் இல்லை. அதைத் தனியாக ஒரு கூட்டத்தில் எடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் இப்போதே சொல்கிறேன். 2021 இலிருந்து இந்த நாட்டில் வேலைக்கு வைக்கக் குறைந்த வயது பதினாறு. பதினைந்து வயதுப் பிள்ளையை அனுப்பச் சொல்லி யார் வந்து கேட்டாலும், தெரிந்த ஆளாக இருந்தாலும், அனுப்பக் கூடாது.

இப்போது தீர்மானத்துக்கு வருகிறேன். அண்ணனின் தீர்மானத்தை நிராகரியுங்கள் என்று நான் கேட்கவில்லை, திருத்துங்கள் என்று கேட்கிறேன். என் திருத்தம் இது:

“கண்டி மாவட்டத்தில் கடைகளில் வேலை செய்யும் தோட்டப் பிள்ளைகளுக்கு 1954 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கிழமைக்கு ஒன்றரை நாள் சம்பளத்தோடு லீவு கிடைப்பதைத் தொழில் திணைக்களம் பரிசோதித்து உறுதி செய்ய வேண்டும். மாதத்தில் குறைந்தது ஒரு கிழமை அந்த லீவு ஞாயிறாக இருக்க வேண்டும் என்று முதலாளிமாருடன் பேச வேண்டும். கடைகளில் உட்கார இருக்கை வேண்டும். தோட்டங்களில் ஞாயிறு வேலை செக்ரோலில் பெயரோடும் ஒன்றரைச் சம்பளத்தோடும் நடக்க வேண்டும்; வராதவர்களை யாரும் வற்புறுத்தக் கூடாது.”

மாதத்தில் ஒரு ஞாயிறு என்பது சட்டத்தில் இல்லாதது, நானே சேர்த்தது. அதைக் கெஞ்சி வாங்க முடியாது, பேசித்தான் வாங்க வேண்டும். பேச வேண்டுமானால் அந்தப் பிள்ளைகள் ஏதாவது ஒரு சங்கத்தில் இருக்க வேண்டும். இப்போது அவர்கள் எதிலும் இல்லை. தோட்டத்தில் பெயர் இல்லாததால் நம் சந்தாப் பட்டியலிலும் இல்லை. நாமும் அவர்களை டவுனுக்குப் போனவர்கள் என்று கைகழுவிவிட்டோம். 1940 ஜனவரியில் முல்லோயாவில் கோவிந்தன் பொலிஸ் சூட்டில் செத்தது நம் ஹேவாஹெட்டப் பக்கத்தில்தான். அப்போது தோட்டத்துக்குள் சங்கம் பேசப் போனவன் மீது அத்துமீறல் வழக்கு. அந்த வேலியைத் தாண்டி உள்ளே போன சங்கம், இன்றைக்குக் கடைத்தெருவுக்குப் போக யோசிக்கிறது.

வீட்டில் இருக்கிற அம்மாமாருக்கு ஒரு வேலை தருகிறேன். பிள்ளை அடுத்த முறை வரும்போது ஒரு சின்னக் கொப்பி வாங்கிக் கொடுங்கள். தினமும் எத்தனை மணிக்குப் போனாள், எத்தனை மணிக்கு வந்தாள், எந்த நாள் லீவு, எந்த நாள் வெட்டு என்று அவள் கையாலேயே எழுதட்டும். நியமனக் கடிதம் இருக்கிறதா, சேமலாப நிதி இலக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். சம்பளச் சிட்டை இருந்தால் போனில் படம் எடுத்து வைக்கட்டும். மூன்று மாதக் கொப்பி பத்துப் பிள்ளையிடம் இருந்தால், தொழில் திணைக்களத்தில் நான் பேச வேண்டியதில்லை, கொப்பி பேசும். பிள்ளையின் பெயர் முதலாளிக்குப் போகாத மாதிரி சங்கத்தின் பெயரில் முறைப்பாடு எழுதுவது நம் பொறுப்பு. பயந்த பிள்ளையை முன்னுக்குத் தள்ளிவிட்டு நாம் பின்னால் நிற்கக் கூடாது.

அவர்களை இந்த மண்டபத்துக்கு ஞாயிறு பத்து மணிக்குக் கூப்பிட்டுப் பிரயோசனம் இல்லை. அதனால் வருகிற புதன்கிழமை இரவு ஏழரைக்கு, கடை விட்டதும், கண்டி பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல் மாடியைக் கேட்டு வைத்திருக்கிறோம். முக்கால் மணி நேரம்தான், கடைசி பஸ்ஸுக்கு விட்டுவிடுவோம். தோட்டத் தலைவர்மார் ஒவ்வொருவரும் தங்கள் தோட்டத்துப் பிள்ளைகளில் இரண்டு பேருக்காவது இன்று இரவே போன் பண்ணிச் சொல்லுங்கள். ஆண் தலைவர்கள் மட்டும் வந்தால் பெண் பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள், ஆகவே மாதர் சங்கத்து அக்காமார் நாலு பேராவது வர வேண்டும். திரும்பிப் போக வேன் ஒழுங்கு செய்திருக்கிறோம். தேத்தண்ணிக் காசு சங்கத்தின் கணக்கில்.

தலைவர் அவர்களே, திருத்தத்தை வாக்குக்கு விடும்படி கேட்டுக்கொள்கிறேன்.